எபோலா வார்டை விட்டுப் போகாத டாக்டர்: உகாண்டாவின் லாக்கோர் மருத்துவமனையில் 2000-ல் என்ன நடந்தது?

2000-ம் ஆண்டு அக்டோபர் 7, சனிக்கிழமை காலை. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருந்த டாக்டர் மேத்யூ லுக்வியாவுக்கு ஒரு போன். பேசியவர்கள் 300 கிலோமீட்டருக்கு அப்பால், நாட்டின் வடக்கே குலு நகரத்தை ஒட்டியுள்ள லாக்கோர் செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக்காரர்கள். நர்ஸிங் மாணவர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடவில்லை. உடனே வர முடியுமா?

லுக்வியாதான் அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர். ஆனால் அப்போது அவர் பணியில் இல்லை. மெக்கரேரே பல்கலைக்கழகத்தில் பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்காக கம்பாலா வந்திருந்தார். மனைவி, ஐந்து குழந்தைகள், புத்தகங்கள், பரீட்சை. உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே பல வருடம் வேலை பார்த்தவருக்கு இது கிட்டத்தட்ட ஓய்வு மாதிரி. படிப்பு முடியட்டும், இப்போதைக்கு வேறு யாரையாவது பாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அன்று மாலையே லாக்கோர் போய்ச் சேர்ந்தார். அவர் கண் முன்னாலேயே மூன்றாவது நர்ஸிங் மாணவர் இறந்தார்.

அந்த போனுக்குப் பிறகு லுக்வியாவுக்கு இருந்தது 59 நாள்.

மருத்துவ மிஷனரிகள் பற்றிய கதைகள் பெரும்பாலும் ‘தியாகம்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். லாக்கோர் கதையை அப்படி முடிக்க முடியாது. இங்கே உயிரைக் கொடுத்தவர் ஒருவர் மட்டுமல்ல. தவிர, தன் உயிரைப் பணயம் வைப்பது ஒன்று, தன்னை நம்பி நிற்பவர்களையும் அதே இடத்தில் நிற்கச் சொல்வது வேறு ஒன்று. லுக்வியா இரண்டையும் செய்தார்.

ஒரே இரவில் பிடிபட்ட நோய்

போய்ச் சேர்ந்த இரவே லுக்வியா, தலைமை நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரியை உட்கார வைத்துக்கொண்டு, சமீபத்தில் இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டத் தொடங்கினார். காய்ச்சல், வாந்தி, ரத்தக்கசிவு, எந்த மருந்துக்கும் கட்டுப்படாமை என்று ஒரே மாதிரியான 17 மரணங்கள் கிடைத்தன. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களும் அதே மாதிரி படுக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான துப்பு.

ரத்தக்கசிவுக் காய்ச்சல்களை ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் எப்படிக் கையாள்வது என்று ஒரு கையேடு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் சி.டி.சி.யும் சேர்ந்து வெளியிட்டது. லுக்வியா அதை எடுத்துப் படித்தார். லாக்கோரில் பார்த்ததெல்லாம் அதில் இருந்தது.

வழக்கமாக இந்த மாதிரி தகவல் மாவட்டம், மண்டலம் என்று படிப்படியாக மேலே போக வேண்டும். லுக்வியா அதற்குக் காத்திருக்கவில்லை. நேராக சுகாதார அமைச்சகத்தின் உயர் அதிகாரி டாக்டர் சாம் ஓக்வாரேவுக்கே போன் போட்டார். ரத்த மாதிரிகள் தென்னாப்பிரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. அக்டோபர் மாத நடுவில் முடிவு வந்தது: எபோலா.

ஆனால் அந்த முடிவு வரும்போது லாக்கோரில் தனிமை வார்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கையேட்டில் உள்ளபடி கவுன், கையுறை, முகக்கவசம், பிளீச்சிங் தண்ணீர், உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. மூன்று டாக்டர்களும் சில நர்ஸ்களும் உதவியாளர்களும் தாங்களாகவே அந்த வார்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த சர்வதேச நிபுணர்களுக்கே இது ஆச்சரியம்.

எபோலாவிடம் ஏன் நர்ஸ்கள் முதலில் மாட்டுகிறார்கள்?

எபோலா காற்றில் பரவாது. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி, வியர்வை போன்றவை வழியாகத்தான் தொற்றும். அவை மற்றவரின் கண், வாய், மூக்கு அல்லது தோலில் உள்ள கீறலில் படவேண்டும். தொற்றியபின் அறிகுறி தெரிய 2 நாளும் ஆகலாம், 21 நாளும் ஆகலாம். அறிகுறி தெரியாதவரை அவர் மற்றவருக்குப் பரப்ப மாட்டார். ஆனால் நோய் முற்ற முற்ற உடலில் வைரஸ் பெருகும். இறந்த உடலில் அது இன்னும் ஆபத்து.

அதாவது, இந்த நோய் அன்பு காட்டுபவர்களைத் தேடித்தான் போகிறது. வாந்தியைத் துடைக்கும் அம்மா, படுக்கை விரிப்பை மாற்றும் நர்ஸ், இறந்த உடலைக் குளிப்பாட்டும் உறவுக்காரப் பெண்கள். குலு பகுதியில் நோய் பரவியதற்கு இறுதிச் சடங்குகள் ஒரு பெரிய காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் சொல்லின. பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் மருத்துவமனையில் பராமரித்தது இன்னொரு காரணம்.

2000-ல் இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. டாக்டர்களால் செய்ய முடிந்தது, உடலில் நீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்வது, வலியைக் குறைப்பது, மற்றவருக்குப் பரவாமல் தடுப்பது. அவ்வளவுதான்.

லாக்கோர்: ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கதை

மிஷன் ஆஸ்பத்திரி என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் வேலூர் சி.எம்.சி.யும் ஐடா ஸ்கடரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். லாக்கோரும் அதே மாதிரி சின்னதாகத் தொடங்கியதுதான். 1959-ல் காம்போனி என்ற கத்தோலிக்க மிஷனரி சபை அதை நிறுவியது. இத்தாலியைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் பியரோ கோர்ட்டி 1961-ல் அங்கே வந்தார். தனக்கு ஒரு சர்ஜன் வேண்டும் என்று கனடாவைச் சேர்ந்த தோழி லூசில் டீஸ்டேலைக் கூப்பிட்டார். இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனால் போதும் என்பதுதான் பேச்சு.

லூசில் போகவில்லை. அதே வருடம் டிசம்பரில் இருவரும் அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். 30 வருடத்துக்கு மேல் லூசில் கத்தி பிடித்தார். அவர் செய்த அறுவை சிகிச்சைகள் சுமார் 13,000 என்கிறது மருத்துவமனைக் கணக்கு. இடையில் இடி அமீன் ஆட்சி, அதைக் கவிழ்த்த போர், அதன்பின் உள்நாட்டுச் சண்டை. குண்டடிபட்ட சிப்பாய்கள் லாரி லாரியாக வந்தார்கள். உடைந்த எலும்புத் துண்டுகள் கையுறையைக் கிழிக்கும். அது அந்த வேலையில் சகஜம்.

1985-ல் லூசிலுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. போர்க் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தபோது தொற்றியதாக நம்பப்படுகிறது. அந்தக் காலத்தில் இது மரண தண்டனை மாதிரி. அவரும் கணவரும் மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அதற்குப் பிறகும் 11 வருடம் உயிரோடு இருந்தார், அதில் பெரும்பகுதி லாக்கோரில் வேலை பார்த்தபடிதான். 1996 ஆகஸ்ட் 1-ல் இத்தாலியில் இறந்தார். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தலாம் என்று உலகத்துக்குத் தெரியவந்த வான்கூவர் மாநாடு நடந்தது அதே வருடம் ஜூலையில். அவருடைய சொந்த நாட்டில், அவர் இறப்பதற்குச் சில வாரம் முன்பு.

லூசிலின் உடல் லாக்கோர் வளாகத்திலேயே புதைக்கப்பட்டது.

இந்தத் தம்பதி தங்களுக்குப் பிறகு மருத்துவமனையை நடத்த வேண்டியவர் என்று அடையாளம் கண்டவர்தான் மேத்யூ லுக்வியா.

பணயமாகப் போனவர்

லுக்வியா வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரி இல்லை. பக்கத்து ஊரான கிட்கும்மைச் சேர்ந்த உள்ளூர் ஆள். அப்பா மீன் வியாபாரி, லுக்வியாவுக்குச் சிறு வயதிலேயே தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டார். அம்மா சில்லறை வியாபாரம் செய்து வளர்த்தார். உதவித்தொகைகளின் பலத்தில் டாக்டரானவர் 1983-ல் பயிற்சி மருத்துவராக லாக்கோரில் சேர்ந்தார். இன்னொரு விஷயம், மருத்துவமனை கத்தோலிக்கர்களுடையது, லுக்வியா புராட்டஸ்டன்ட். அங்கே யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

1989 புனித வெள்ளி அன்று ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படை மருத்துவமனைக்குள் வந்தது. அங்கிருந்த கன்னியாஸ்திரிகளைக் கடத்துவது திட்டம். அவர்களை விட்டுவிடுங்கள், என்னைக் கூட்டிப் போங்கள் என்று முன்னால் வந்து நின்றார் லுக்வியா. ஒரு வாரம் டாக்டர் கோட்டோடு அவர்களுடன் காட்டில் நடந்தார். பிறகு விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரிக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே முதல் மாணவன். அங்கேயே ஆசிரியராக இருக்கச் சொன்னார்கள். போன வேகத்தில் ஊர் திரும்பினார். அவர் திரும்பிய ஊரில் அப்போது ராத்திரி ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பயந்து மருத்துவமனை வளாகத்தில் வந்து படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் ஊருக்குப் போவார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, பயமே இல்லாத ஆள் போல என்று தோன்றும். எபோலா காலத்தில் அவர் நடந்துகொண்ட விதம் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு விதிமுறையில்தான் நம்பிக்கை இருந்தது. வார்டுக்குள் யார் எதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், எதை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எத்தனை முறை கை கழுவ வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பக்தி இருக்கிறதே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் கையுறை இல்லாமல் உள்ளே போக அந்த வார்டில் இடம் கிடையாது.

நர்ஸ்கள் வேலையை நிறுத்திய நாள்

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் ஊழியர்கள் இறந்தார்கள். அக்டோபரில் சிலர், நவம்பரில் இன்னும் சிலர். எபோலா வார்டில் வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை. வேறு வார்டில் சாதாரண நோயாளி என்று நினைத்துப் பார்த்துக்கொண்ட நபருக்கு எபோலா இருந்தால், அங்கே பாதுகாப்பு உடை போட்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

நவம்பர் கடைசி வாரத்தில் நிலைமை உச்சத்துக்குப் போனது. ஒரே நாளில் மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். மறுநாள் ஷிஃப்டுக்கு வர வேண்டிய நர்ஸ்கள் வரவில்லை. நர்ஸிங் பள்ளியின் ஹாலில் கிட்டத்தட்ட 400 ஊழியர்கள் கூடிவிட்டார்கள். லுக்வியா போய் நின்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆஸ்பத்திரியை மூடுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

அவர்கள் கேட்டதில் என்ன தவறு? கூடவே சாப்பிட்ட, கூடவே தூங்கிய ஆட்கள் கண் முன்னால் ரத்தம் கக்கிச் செத்திருக்கிறார்கள். பல பேருக்கு வீட்டில் அவர்கள் சம்பளம் ஒன்றுதான் வருமானம். அவர்களில் யாரும் இதற்கென்று ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள் இல்லை.

லுக்வியா அவர்களைத் திட்டவில்லை. போக நினைப்பவர்கள் போகலாம், நான் இருப்பேன் என்றார். மருத்துவமனையை மூடினால், தான் குலுவை விட்டே போய்விடுவதாகவும் திரும்பி வரப்போவதில்லை என்றும் சொன்னார். கிளர்ச்சிக்காரர்களிடம் தன்னை ஒப்படைத்ததை ஞாபகப்படுத்தினார், அதுவும் இந்த மருத்துவமனை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று. வாக்குவாதம் மணிக்கணக்கில் நீண்டது. சாயங்காலம் அது முடிந்தபோது ஹாலில் பாட்டுச் சத்தம் கேட்டது. நர்ஸ்கள் வார்டுக்குத் திரும்பினார்கள்.

இந்தக் காட்சியைச் சினிமா மாதிரி பார்த்துக் கைதட்டுவது சுலபம். ஆனால் இங்கே ஒரு நெருடலும் இருக்கிறது. எல்லோரும் மதிக்கும் ஒரு மேலதிகாரி, உயிரைக் கொடுக்கத் தயாராக எதிரே நிற்கும்போது, 20 வயது நர்ஸ் ஒருவரால் எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போகிறேன் என்று சொல்ல முடியுமா? அவர்கள் தாங்களாக இருந்தார்களா, இருக்க வைக்கப்பட்டார்களா? வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதற்குச் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். அவர்கள் போயிருந்தால், அந்தப் பகுதியில் எபோலா நோயாளிகளைப் பார்க்க இன்னொரு லாக்கோர் கிடையாது. குலு அரசு மருத்துவமனையும் ஏற்கெனவே திணறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஹாலில் இருந்த யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. லுக்வியா அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அநேகமாக வைரஸ் அவர் உடம்புக்குள் போய்ச் சில நாள் ஆகியிருந்தது.

காகிள்ஸ் இல்லாத சில நிமிடங்கள்

நவம்பர் 20, திங்கட்கிழமை. பொழுது விடியும் நேரம். எபோலா வார்டில் நோயாளியாகப் படுத்திருந்த ஓர் ஆண் நர்ஸுக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொட்டத் தொடங்கியது. மூச்சுத் திணறலில் அவர் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். படுக்கையை விட்டு எழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பயந்துபோய் லுக்வியாவைக் கூப்பிட்டார்.

தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த லுக்வியா கவுன், தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டார். கண்ணுக்கான காகிள்ஸையும் முகத்தை மூடும் ஷீல்டையும் மட்டும் போடவில்லை. உள்ளே போய் அந்த நர்ஸைப் பிடித்து, சுத்தம் செய்து, மூச்சு விட வசதியாக உட்கார வைக்க முயன்றார். அந்த நர்ஸ் பிழைக்கவில்லை.

ஏன் போடவில்லை? அவசரமா, அசதியா, ஆறு வாரமாகத் தூக்கமில்லாத மூளையா? அவரே பிறகு என்ன காரணம் சொன்னாலும் பதில் மாறப்போவதில்லை. பாதுகாப்பு உடையைப் பற்றி எபோலா வார்டில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விதிமுறையை உடைப்பது சோம்பேறித்தனம் இல்லை, அவசரம். சக ஊழியர் மூச்சுக்குத் தவிக்கும்போது இரண்டு நிமிடம் நின்று நிதானமாக உடை மாட்டுவது மனித இயல்புக்கே எதிரானது. அதனால்தான் இன்றைய பயிற்சிகளில், தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது, உடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் லுக்வியாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியாவாக இருக்கும் என்ற நம்பிக்கை. மருந்துக்குக் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு எபோலா என்றது. தானே உருவாக்கிய வார்டில் தானே நோயாளியாகப் படுத்தார்.

கடைசி நாட்கள்

கம்பாலாவிலிருந்து மனைவி வந்தார். முழுப் பாதுகாப்பு உடையில்தான் பக்கத்தில் போக முடிந்தது. அதிக நேரம் இங்கே இருக்காதே, ஜாக்கிரதையாக இரு என்று மனைவியிடம் லுக்வியா சொன்னார். இருவருக்கும் நடுவே ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்களே. ஒருவரைத் தாண்டி இன்னொருவரையும் இழக்கக் கூடாது என்ற கணக்கு அது.

மரணத்தை அவர் எப்படி எதிர்கொண்டார்? அருகில் இருந்தவர்கள் பின்னர் சொன்னதில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. தான் இறப்பதாக இருந்தால் தானே கடைசி ஆளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். பிழைக்க வைக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொல்லப்படுவதைவிட இதுதான் அதிகம் நினைவுகூரப்படுகிறது. தன் பேச்சைக் கேட்டு வார்டுக்குத் திரும்பியவர்களின் பட்டியல் அவர் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. வென்டிலேட்டர் வைத்துப் பார்த்தார்கள். டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை அதிகாலை 1 மணியைத் தாண்டி உயிர் பிரிந்தது. வயது 43.

எபோலாவில் இறந்தவரின் உடலை வைத்திருக்க முடியாது. அன்றே அடக்கம். லூசிலின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. பாதுகாப்பு உடை போட்டவர்கள் பெட்டியைத் தூக்கி வந்தார்கள், பின்னாலேயே கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. குடும்பமும் ஊர் மக்களும் தள்ளி நின்று பார்த்தார்கள். இறந்தவரைத் தொட்டு வழியனுப்பும் பழக்கமுள்ள சமூகத்தில், அவரை யாரும் தொடவில்லை. தொடக்கூடாது என்று அந்த ஊருக்கு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததே அவர்தான்.

லாக்கோரில் அவரையும் சேர்த்து 13 ஊழியர்கள் எபோலாவில் இறந்தார்கள். அவருக்குப் பிறகு அந்த மருத்துவமனையில் ஊழியர் மரணம் இல்லை. 2001 பிப்ரவரி இறுதியில் உகாண்டாவில் நோய் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் 425 பேருக்குத் தொற்று, 224 மரணம். அன்றைய தேதிக்கு உலகத்தில் பதிவான மிகப் பெரிய எபோலா பரவல் அதுதான். சண்டையால் மக்கள் முகாம்களில் அடைந்து கிடந்த ஒரு மாவட்டத்தில் இது இன்னும் எவ்வளவோ மோசமாகியிருக்கலாம். ஆகவில்லை என்றால், அந்த முதல் இரவில் புரட்டப்பட்ட கேஸ் ஷீட்டுகளுக்கும் உடனே போன கம்பாலா போனுக்கும் அதில் பங்கு உண்டு.

2014: விமானம் யாருக்கு வந்தது?

14 வருடம் கழித்து இதே கேள்விகள் மேற்கு ஆப்பிரிக்காவில் திரும்ப வந்தன. இந்த முறை ஒரு புதிய கேள்வியோடு.

லைபீரியாவின் மன்ரோவியாவில் எல்வா என்ற மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்த அமெரிக்க டாக்டர் கென்ட் பிராண்ட்லிக்கு 2014 ஜூலையில் எபோலா தொற்றியது. அதே வளாகத்தில் பணியாற்றிய நான்சி ரைட்போல் என்ற மிஷனரிக்கும் தொற்று. மனிதர்களிடம் அதுவரை சோதிக்கப்படாத ‘ஸீமேப்’ என்ற மருந்து கொஞ்சம் கைக்கு வந்தது. முதலில் நான்சிக்குக் கொடுங்கள் என்றார் பிராண்ட்லி. பிறகு அவர் நிலைமை மோசமாகவே அவருக்கும் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 2-ல் சிறப்பு விமானம் அவரை அட்லாண்டாவுக்குக் கொண்டுபோனது. சில நாளில் நான்சியும் போனார். இருவரும் பிழைத்தார்கள். அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நல்ல ஐ.சி.யூ. பராமரிப்பின் பங்கு எவ்வளவு என்று இரண்டு பேரை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே ஜூலையில், பக்கத்து நாடான சியரா லியோனில், அந்த நாட்டின் ரத்தக்கசிவுக் காய்ச்சல் நிபுணர் டாக்டர் ஷேக் உமர் கானும் எபோலாவில் விழுந்தார். அவர் படுத்திருந்த சிகிச்சை மையத்தில் அதே ஸீமேப் இருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் விவாதித்தார்கள். சோதிக்கப்படாத மருந்து, ஏதாவது ஆனால் மக்களின் நம்பிக்கையே போய்விடும் என்ற பயம். கொடுக்கவில்லை. அவரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும் கைகூடவில்லை. ஜூலை 29-ல் இறந்தார். கான் மிஷனரி இல்லை, அரசு மருத்துவர். தன் ஊர் ஜனங்களைப் பார்த்துக்கொண்டவர்.

மருத்துவ மிஷனரிகளைப் பற்றி ஆப்பிரிக்காவிலேயே பலர் கேட்கும் கேள்வி இதுதான். இருப்பது என்று முடிவு செய்யும் வெளிநாட்டவருக்குக் கடைசி நிமிடத்தில் ஒரு கதவு திறக்கிறது. உள்ளூர் டாக்டருக்கும் நர்ஸுக்கும் அது இல்லை. லூசில் 11 வருடம் கடைசிவரை அந்தக் கதவைப் பயன்படுத்தாமலேயே இருக்க முயன்றார். லுக்வியாவுக்குக் கதவே கிடையாது.

ஆனால் பிராண்ட்லியை வைத்து மட்டும் எல்லாரையும் அளக்கவும் முடியாது. அவர் நோய்வாய்ப்பட்ட செய்தி வந்ததும், அமெரிக்காவில் இருந்த டாக்டர் ரிக் சாக்ரா தானாக முன்வந்து மன்ரோவியா திரும்பினார். பிரசவம் பார்த்தார். அவருக்கும் எபோலா தொற்றியது. நெப்ராஸ்காவில் சிகிச்சை, பிராண்ட்லியின் பிளாஸ்மா, உயிர் பிழைப்பு. 2015 ஜனவரியில் சாக்ரா மறுபடியும் லைபீரியா விமானத்தில் ஏறினார், அதே மருத்துவமனைக்கு.

இப்போது நிலைமை என்ன?

11,000 பேருக்கு மேல் பலிவாங்கிய 2014 பரவலின்போதுதான் தடுப்பூசி ஆராய்ச்சி வேகம் பிடித்தது. 2019-ல் ‘எர்வெபோ’ என்ற தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது எபோலாவின் ‘ஸயர்’ வகைக்கு மட்டும்தான். லாக்கோரில் 13 பேரைக் கொன்றது ‘சூடான்’ வகை. அதற்கு இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது.

அதே சூடான் வகை 2022-ல் உகாண்டாவுக்குத் திரும்ப வந்தது. ஏழு சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள். சோதனைத் தடுப்பூசிகள் விமானத்தில் வந்து இறங்கியபோது புதிய நோயாளிகளே இல்லை, பரவல் ஓய்ந்திருந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும். இந்த முறை முதலில் கண்டறியப்பட்ட மரணம், கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸுடையது. அறிவிப்பு வந்த நான்கு நாளில் தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. இவ்வளவு வேகமாக இதற்கு முன் நடந்ததில்லை.

லாக்கோர் இன்றும் இயங்குகிறது. இப்போது குலு பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுக்கும் மருத்துவமனை அது. பியரோ கோர்ட்டி 2003 ஏப்ரலில், ஈஸ்டர் அன்று இத்தாலியில் இறந்தார். அவரையும் கொண்டுவந்து லாக்கோரில்தான் அடக்கம் செய்தார்கள், மனைவி லூசிலும் மேத்யூவும் இருக்கும் அதே வளாகத்தில்.